இருட்டறை சிங்க்குக்கு வாஷிங் மெஷின் குழாய் போதுமா?

வீட்டிலேயே பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியதிலிருந்து வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றித்தான். அறை கிடைத்துவிடுகிறது, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழச்செய்யும் பழைய என்லார்ஜரும் எங்கேயோ கிடைத்துவிடுகிறது, ஆனால் சிங்க் வைக்க நினைக்கிற இடத்தில் குழாய் இல்லை, இருப்பது வாஷிங் மெஷினுக்கென்று சுவரில் விட்ட பாயிண்ட் மட்டும். அதனால் இந்த இதழில் முழுக்கத் தண்ணீர். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவர்களில் அநேகமாக எல்லாரும் உள்ளே வருகிற தண்ணீரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள், வெளியே போகிற தண்ணீரைப் பற்றி ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார். குழாய் இழுப்பது அரை நாள் வேலை. வடிகாலும், சிங்க்கில் கிடக்கும் கெமிக்கல் திரும்பிக் குடிதண்ணீருக்குள் போகாமல் பார்ப்பதும்தான் உண்மையான வேலை.

கேள்வி: வாடகை பிளாட்டில் இருக்கிறேன். சமையலறைக்குப் பின்னால் யுட்டிலிட்டி பால்கனியில் வாஷிங் மெஷின், ஒரு குழாய், தரையில் ஒரு ஜாலி. இரவில் அந்த இடத்தையே இருட்டறையாக மாற்றிக்கொள்ள நினைக்கிறேன். சுவரை உடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஒரே குழாயிலிருந்து மெஷினுக்கும் சிங்க்குக்கும் தண்ணீர் எடுக்க முடியுமா? — சென்னை, அம்பத்தூர் வாசகர்

தாராளமாக முடியும், சுவரைத் தொடவே வேண்டாம். மெஷினின் இன்லெட் ஹோஸ் மாட்டியிருக்கும் குழாயின் வாய் பெரும்பாலும் முக்கால் அங்குல மரை. அந்த வாயில் நேராகத் திருகுகிற ஒய் கனெக்டர் ஹார்டுவேர் கடையிலும் தோட்டச் சாமான் கடையிலும் கிடைக்கும். இரண்டு கிளைக்கும் தனித்தனிக் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து, பித்தளையில் வாங்குங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஒரு கிளையில் மெஷின் ஹோஸ், இன்னொன்றில் சிங்க்குக்குப் போகும் கனெக்ஷன் பைப். சிங்க் குழாயின் அடிப்பக்கம் அரை அங்குலம்தான் இருக்கும், அதனால் இடையில் முக்காலை அரையாக்குகிற ஒரு ரெட்யூசர் வேண்டியிருக்கும். வேலை முடிந்தது.

பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் வேறு வழி சொல்வார். குழாயையே கழற்றிவிட்டு டூ-வே ஆங்கிள் காக் போட்டுவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்பார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இப்போதைய பிளாட்டுகளில் சுவருக்குள் ஓடுவது சிபிவிசி பைப், அதன் முனையில் டைல்ஸோடு மட்டமாக, உள்ளே பித்தளை மரை வைத்த ஒரு பிளாஸ்டிக் எல்போ உட்கார்ந்திருக்கும். பல வருடம் இறுகிக் கிடக்கும் குழாயைப் பைப் ரெஞ்சு போட்டுத் திருகும்போது, சில நேரம் குழாய் மட்டும் வராது, பித்தளை மரையும் சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் சுழன்றுவிடும். அதன் பிறகு டைல்ஸை உடைக்காமல் எதுவும் செய்ய முடியாது. வாடகை வீட்டில் அந்த வம்பு எதற்கு? இருக்கிற குழாயை அப்படியே விட்டு அதன் வாயில் மாட்டுவதே உங்களுக்கு நல்லது. வீடு காலி செய்யும்போது ஒய்யைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போகலாம்.

ஹோஸ் முனை, ஒய்யின் வாய் இரண்டிலும் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும், நீர் நிற்பது அதனால்தான், அங்கே டெஃப்லான் டேப் சுற்றிப் பயனில்லை. ரெட்யூசர் மரையில் டேப் வேண்டும். மரை இறுகும் திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவு போதும்.

இனி வடிகால். மெஷினின் டிரெயின் ஹோஸ் போகிற அதே ஜாலிக்குள்தான் உங்கள் சிங்க் தண்ணீரும் போக வேண்டும், வேறு வழி இல்லை. சிங்க்கிலிருந்து ஒன்றரை அங்குல பிவிசி பைப்பை மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் கொடுத்து இழுத்து, ஜாலித் தட்டில் ஓட்டை போட்டு இறக்கிவிடுங்கள். அதற்குக் கீழே இருக்கும் நஹானி ட்ராப்பில் எப்போதும் தண்ணீர் நிற்கும், சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதுதான். மெஷின் தண்ணீரை மோட்டார் வைத்து ஒரே மூச்சில் தள்ளுகிறது, அந்த வேகத்தை ட்ராப் தாங்காமல் நுரையோடு தரைக்கு வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் சிங்க் தண்ணீரும் சேர்ந்தால் பால்கனி குளமாகும், அதில் படத்தை நிலைக்கவைக்கும் கெமிக்கலான பிக்ஸர் கலந்திருக்கும். ஆகவே பிரிண்ட் போடும் இரவில் மெஷின் ஓடக் கூடாது. மெஷின் சுழலும் அதிர்வில் என்லார்ஜர் ஆடி படம் மங்கும் என்பதற்காகவும் ஓடக் கூடாது.

சிங்க்கின் அளவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 8x10 அங்குலப் பேப்பருக்கான டிரே மூன்று, கழுவும் டிரே ஒன்று, இவை வரிசையாக உட்கார நாலடி நீளம், இரண்டடி அகலம் வேண்டும், ஆழம் ஆறு அங்குலம் போதும். கடையில் கிடைக்கும் சமையலறை சிங்க் இதற்கு ஆகாது. ஃபைபர் கிளாஸ் வேலை செய்கிறவர்களிடம் அளவு கொடுத்துச் செய்து வாங்குவது நல்லது, எடையும் குறைவு. அடியில் ஒரு பக்கம் லேசாகச் சரியும்படி செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூலையில் தேங்கும் கெமிக்கல் காய்ந்து வெள்ளைப் பொடியாகும், அந்தப் பொடி பறந்து நெகட்டிவில் உட்காரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 316 தரம் கேளுங்கள். சாதாரண சிங்க்குகளில் வரும் 304-ல் பிக்ஸர் தேங்கி நின்றால் நாளடைவில் ஊசி குத்தியதுபோல் குழி விழும். வேஸ்ட் கப்ளிங், பாட்டில் ட்ராப் எல்லாம் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். குரோம் பூசிய பித்தளையைப் பிக்ஸர் அரித்துவிடும்.

கடைசியாக, இதுதான் முக்கியம். சிங்க் குழாயின் வாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, அதன் நுனியை டிரேக்குள் மூழ்கப் போட்டுக் கழுவுவது எல்லாரும் செய்கிற காரியம். மேல்நிலைத் தொட்டி காலியாகும்போதோ, யாராவது மெயின் வால்வை மூடிவிட்டுக் கீழ் வீட்டில் குழாயைத் திறக்கும்போதோ பைப்புக்குள் இழுவிசை உண்டாகும், டிரேயில் இருப்பது டியூப் வழியாகப் பின்னோக்கி ஏறும். அந்த பைப் உங்கள் வீட்டுச் சமையலறைக்கும் போகிறது, சில கட்டடங்களில் பக்கத்து வீட்டுக்கும் போகிறது. எனவே உயரமான ஸ்வான் நெக் குழாய் போடுங்கள். அதன் வாய் சிங்க் விளிம்புக்கு மேலே குறைந்தது ஒரு அங்குலமாவது நிற்க வேண்டும். டியூப் மாட்டியே ஆக வேண்டுமென்றால் அதன் நுனியும் விளிம்புக்கு மேலேயே தொங்கட்டும். கனெக்ஷனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுவது கூடுதல் பாதுகாப்பு, ஆனால் அதை மட்டும் நம்பி டியூபை மூழ்க விடாதீர்கள், அந்த வால்வுக்குள் மண் சிக்கினால் மூடாது.

கேள்வி: அதெல்லாம் சரி, எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் வெந்நீர் மாதிரி வருகிறது. படத்தை வரவழைக்கும் டெவலப்பருக்கு வேண்டிய 20 டிகிரிக்கு எப்படிக் கொண்டு வருவது? — வேலூர் வாசகர்

குழாயில் கொண்டு வர முடியாது, முயலவும் வேண்டாம். வெளிநாட்டுப் புத்தகங்களில் சிங்க்குக்குக் குளிர்நீர், வெந்நீர் இரண்டையும் இழுத்துக் கலக்கச் சொல்லியிருப்பார்கள். அங்கே குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருப்பதால் அந்த ஏற்பாடு. நம் ஊரில் மே மாதம் மாலையில் மொட்டை மாடி டேங்க்கிலிருந்து வருவது 35 டிகிரியைத் தாண்டிவிடலாம். கலப்பதற்கு நம்மிடம் குளிர்ந்த பக்கமே இல்லை.

பிலிமையும் பிரிண்டையும் தனித்தனியாக யோசியுங்கள். பிலிமுக்கு ஓடும் தண்ணீர் தேவையே இல்லை. இல்ஃபோர்டு கம்பெனி சொல்கிற கழுவும் முறை ஒன்று இருக்கிறது: பிக்ஸரில் போட்டு முடிந்ததும், பிலிம் இருக்கும் சின்ன டெவலப்பிங் டேங்க்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டு, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி நிரப்பி 20 முறை, அவ்வளவுதான். ஒரு 35 எம்எம் ரோலுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 300 மில்லி என்றால் மொத்தமே ஒரு லிட்டருக்குள் முடிகிறது. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. அந்த ஒரு லிட்டரை ஒரு பக்கெட்டில் பிடித்து, ஐஸ் பாட்டில் போட்டு, டெவலப்பர் பாட்டிலும் பிக்ஸர் பாட்டிலும் நிற்கும் அதே தொட்டிக்குள் வைத்துவிட்டால் எல்லாம் ஒரே சூட்டில் இருக்கும்.

20-க்கு இறக்க ஐஸ் கட்டுப்படியாகவில்லை என்றால் 24 டிகிரியில் வேலை செய்யுங்கள். 20 டிகிரியில் 10 நிமிடம் என்று போட்டிருக்கும் டெவலப்பிங் நேரம் 24-ல் ஏறக்குறைய 7 நிமிடமாகும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப் திட்டுத்திட்டாக வரும், அப்படியானால் டெவலப்பரை இன்னும் நீர்த்துக்கொள்ளுங்கள். டெவலப்பர் 22-ல், கழுவும் தண்ணீர் 33-ல் என்று இருக்கவே கூடாது. கழுவும் தண்ணீர் மற்றவற்றிலிருந்து 5 டிகிரிக்குள் இருக்கட்டும். சூட்டில் ஜெலட்டின் ஊறி மெத்தென்று ஆகிவிடும், விரல் பட்டாலே கீறும்.

பிரிண்டுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பர் இரண்டு நிமிடக் கழுவலில் முடிந்துவிடும், குழாய்த் தண்ணீரே போதும். அதிகாலையில் வேலை வைத்துக்கொண்டால் டேங்க் தண்ணீரும் ஓரளவு ஆறியிருக்கும்.

கேள்வி: வீட்டின் பேஸ்மென்டில் லாண்ட்ரி இருக்கிறது. சூடு, குளிர் இரண்டு குழாயும் உண்டு, மெஷின் தண்ணீர் விழ ஒரு செங்குத்துக் குழாயும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த கனெக்ஷன் பைப் எதுவும் சேரவில்லை. தெர்மோஸ்டாட் வைத்த விலை உயர்ந்த மிக்ஸிங் வால்வு வாங்கத்தான் வேண்டுமா? — ஸ்கார்பரோ, கனடா வாசகர்

சேராததற்குக் காரணம் மரை. அங்கே லாண்ட்ரிக் குழாய்களில் இருப்பது தோட்ட ஹோஸ் மரை, அங்குலத்துக்கு பதினொன்றரைச் சுற்று. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது பிரிட்டிஷ் மரை, முக்கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 14 சுற்று. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒரு சுற்று ஏறவும் ஏறும், அப்புறம் சிக்கிக்கொள்ளும். டேப் சுற்றி வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள், மரை கெட்டு ஒருநாள் இரவில் பிடுங்கிக்கொண்டால் பேஸ்மென்ட் முழுக்க நீர். எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு ஒய், இரண்டிலிருந்தும் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ், சிங்க்கில் ஒரு சாதாரண லாண்ட்ரி மிக்ஸர் குழாய். கறுப்பு வெள்ளைக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. பனிக்காலத்தில் உங்கள் குளிர்க் குழாய் ஐந்தாறு டிகிரியில் வரும், வெந்நீர் கட்டாயம் வேண்டும், அது உண்மைதான். ஆனால் மிக்ஸரைத் தெர்மாமீட்டர் பார்த்துத் திருப்பி ஒரு தொட்டியில் 20 டிகிரித் தண்ணீர் பிடித்து, பாட்டில்களை அதற்குள் நிறுத்திவிட்டால் அன்றைய வேலை முழுக்கத் தாங்கும். குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீரை நம்பினால், மேலே யாராவது குளிக்கப் போனதும் சூடு மாறிவிடும். மெஷின் தண்ணீர் இழுக்கும்போதும் அப்படித்தான், அதன் வால்வு பட்டென்று திறந்து பட்டென்று மூடுவதால் உங்கள் பக்கத்து அழுத்தமும் குதிக்கும். தெர்மோஸ்டாட் வால்வு ஓடும் தண்ணீரில் மணிக்கணக்காக வேலை செய்கிற லேப்களுக்கு உரியது. கலர் நெகட்டிவ் கழுவுகிறீர்கள் என்றால் டெவலப்பர் 37.8 டிகிரியில் நிற்க வேண்டும், அரை டிகிரிகூட விலகக் கூடாது, அதையும் குழாயால் சாதிக்க முடியாது, சூடேற்றிய தொட்டியால்தான் முடியும்.

மிக்ஸருக்கு வரும் இரண்டு பக்கமும் செக் வால்வு போடுங்கள். மிக்ஸரைத் திறந்து வைத்துவிட்டு ஹோஸ் நுனியில் இருக்கும் நாசிலை மட்டும் மூடினால் சூடும் குளிரும் உள்ளே ஒன்றுக்குள் ஒன்று போய்விடும், சமையலறையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வரும், யாருக்கும் காரணம் புரியாது. மிக்ஸரின் வாயில் ஹோஸ் மாட்டும் மரை இருந்தால் அங்கே ஒரு வேக்யூம் பிரேக்கரைத் திருகிவிடுங்கள், கைக்கடக்கமான சாமான், விலையும் குறைவு. அம்பத்தூர் வாசகருக்குச் சொன்ன பின்னோக்கி இழுக்கும் ஆபத்தைத் தடுப்பது அதுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஹோஸ் நுனியை மூடி மணிக்கணக்காக அழுத்தத்தில் வைக்கக் கூடாது, அந்த வகை பிரேக்கர் அதற்குச் செய்யப்பட்டதல்ல. வேலை முடிந்ததும் ஒய்யில் உள்ள கைப்பிடிகளை மூடிவிட்டு மேலே போங்கள்.

டிரெயின் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சிங்க் பைப்பை அந்தச் செங்குத்துக் குழாயின் வாயில் கொண்டுபோய்ச் சொருக நினைத்திருப்பீர்கள். தண்ணீர் தானாக மேலே ஏறாது. சிங்க்கின் அடி குழாய் வாய்க்கு மேலே இருந்தால்தான் அது நடக்கும், அந்த வாயோ பெரும்பாலும் இடுப்பளவு உயரத்தில் இருக்கும். பக்கவாட்டில் கீழே வெட்டிச் சேர்த்தால், மெஷின் தள்ளும் சோப்புத் தண்ணீர் உங்கள் சிங்க்குக்குள் எழும்பி வரலாம். செங்குத்துக் குழாயின் வாய் சிங்க் விளிம்பைவிட உயரமாக இருந்தால் இன்னும் நிச்சயமாக வரும், ஏனென்றால் அடைப்பு ஏற்பட்டால் தண்ணீர் முதலில் வழிகிற இடம் சிங்க்தான். இந்த இடத்தில் லைசென்ஸ் உள்ள பிளம்பரைக் கூப்பிடுங்கள். டிரெயினை வெட்டுவதற்கு அனுமதி வேண்டுமா என்றும் முதலிலேயே விசாரியுங்கள். வெட்ட வேண்டாம் என்றால் சிங்க்குக்கு அடியில் வைக்கிற சின்ன யுட்டிலிட்டி பம்ப் கிடைக்கிறது, அது தண்ணீரை ஏற்றிச் செங்குத்துக் குழாய்க்குள் விடும்.

கேள்வி: நெகட்டிவ் காய்ந்ததும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. போர் தண்ணீர். ஃபில்ட்டர் போட்டால் போய்விடுமா? — திருப்பூர் வாசகர்

எந்தப் புள்ளி என்று பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைச் சாய்த்துப் பிடியுங்கள். பளபளப்பான பக்கத்தில் வெள்ளையாக வட்டக் கறை தெரிந்து, ஈரத் துணியால் துடைத்தால் போகிறது என்றால் அது உப்பு, சொட்டு காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு நின்றிருக்கிறது. படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்குக் கறுப்பாகவோ வெறுமையாகவோ இருந்து, துடைத்தாலும் போகவில்லை என்றால் அது மண்துகள், ஊறிய ஜெலட்டினில் பதிந்துவிட்டது.

ஃபில்ட்டர் இரண்டாவதற்குத்தான் மருந்து. ஆர்ஓ மெஷினுக்கு முன்னால் மாட்டுகிற பத்து அங்குல ஹவுசிங்கும் உள்ளே போடும் 5 மைக்ரான் ஸ்பன் கேட்ரிட்ஜும் எந்த ஆர்ஓ சர்வீஸ் கடையிலும் கிடைக்கும். ஒய்யிலிருந்து சிங்க்குக்குப் போகும் கிளையில் மட்டும் மாட்டுங்கள், மெஷினுக்கு அது வேண்டாம். மேல் மாடி வீடாக இருந்தால் ஒரு சிக்கல்: பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம், தலைக்கு மேலே மூன்று மீட்டரில் டேங்க் இருந்தால் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 5 மைக்ரான் போட்டால் நூல்போல் ஒழுகும். 20 மைக்ரான் போட்டுக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் உபயோகிக்காமல் ஹவுசிங்கில் தண்ணீர் நின்றால் உள்ளே வழுவழுப்பாகப் பாசி பிடிக்கும், கொட்டிக் காயவையுங்கள்.

உப்புக் கறைக்கு ஃபில்ட்டர் உதவாது, சுண்ணாம்பு கரைந்திருப்பதால் அது எந்தச் சல்லடையிலும் நிற்காது. டெவலப்பர் கலக்கவும், கடைசியாக அலசவும் மட்டும் ஆர்ஓ தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ உபயோகியுங்கள். கடைசி அலசலில், தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்துவிடச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் சில துளி. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரைப் பக்கெட்டில் பிடித்துச் சிக்கனம் செய்கிற வீடுகள் உண்டு. டிரேயைக் கழுவ அது நல்லதுதான், பிலிம் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம், உள்ளே வந்த உப்பு எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: கொல்லைப்புறத்தில் துணி துவைக்கக் கட்டிய கடப்பாக் கல் தொட்டி அம்சமாக இருக்கிறது, குழாயும் வடிகாலும் உண்டு. மேலே ஷெட் போட்டுக்கொண்டால் அதையே சிங்க்காக வைத்துக்கொள்ளலாமே? — மதுரை வாசகர்

வைத்துக்கொள்ளலாம், ஆனால் டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் அதன் மேல் சிந்தக் கூடாது. கடப்பா என்பது சுண்ணாம்புக் கல் வகை, அமிலம் பட்டால் கரையும். ஸ்டாப் பாத் அசிட்டிக் அமிலம், பிக்ஸரும் பெரும்பாலும் லேசான அமிலம்தான். ஒரு மூலையில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், பொடிப்பொடியாக நுரை வந்தால் அந்தக் கல் ஆகாது, கறுப்புப் பளபளப்பு முதலில் சாம்பல் நிறமாகி அப்புறம் சொரசொரப்பாகும். நுரை வராவிட்டால் உங்களிடம் இருப்பது கிரானைட்டாக இருக்கலாம், அதற்கு இந்தப் பயம் இல்லை.

ஒன்று, உள்ளே ஃபைபர் கிளாஸ் அல்லது எபாக்ஸி பூச்சுக் கொடுத்துவிடுங்கள். அல்லது கெமிக்கல் எல்லாம் டிரேயோடு நிற்கட்டும், ஸ்டாப் பாத்துக்குப் பதில் வெறும் தண்ணீரில் அலசுங்கள், பிலிமுக்கு அது போதும். டைல்ஸ் ஒட்டித் தொட்டி கட்ட நினைக்கிறவர்களுக்கும் இதே விஷயம்தான்: டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது, இடுக்கில் போடும் வெள்ளை சிமென்டை அமிலம் தின்றுவிடும், எபாக்ஸி கிரவுட் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க். வாஷிங் மெஷின் தண்ணீர் தனியாக ஒரு குழிக்குப் போகிறது, அதிலிருந்து இருபதடியில் கிணறு. ஹைப்போவை எங்கே கொட்டுவது? — நாகர்கோவில் வாசகர்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. எங்கேயும் கொட்டாதீர்கள். செப்டிக் டேங்கிலும் வேண்டாம், அந்தக் குழியிலும் வேண்டாம். ஹைப்போ என்பது பிக்ஸர்தான், புதிய ஹைப்போவில் பெரிய ஆபத்து இல்லை. உபயோகித்த ஹைப்போவில் படத்திலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது, ஒரு லிட்டரில் சில கிராம் வரை சேரும். கழிவைச் செரிக்கிற பாக்டீரியாவுக்கு வெள்ளி ஆகாது. குழிக்குப் போனால் மண் வழியாக எங்கே போகும் என்று கிணறு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நான் சொல்ல வேண்டியதில்லை.

மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் கேனை ஒதுக்கி, தீர்ந்துபோன ஹைப்போவை அதில் சேருங்கள். பிக்ஸ் ஆன உடனே முதலில் அலசும் தண்ணீரிலும் வெள்ளி இருக்கும், அதையும் அந்தக் கேனிலேயே ஊற்றுங்கள், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். அதற்குப் பிறகு வரும் கழுவுநீர் வடிகாலுக்குப் போகலாம். எக்ஸ்ரே சென்டர்களிலிருந்து பழைய ஹைப்போவும் பழைய பிலிமும் வாங்கி வெள்ளி எடுக்கிறவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், எந்தப் பழைய எக்ஸ்ரே சென்டரில் கேட்டாலும் விவரம் சொல்வார்கள். அப்படி யாரும் இல்லை என்றால் கேனில் ஸ்டீல் உல் போட்டு வையுங்கள், சோப்பு கலக்காத வெறும் இரும்பு நார். இரும்பு கரைந்து வெள்ளி வெளியே வந்து கறுப்புச் சகதியாக அடியில் படியும், சில நாள் ஆகும். சகதியை வடித்துத் தனியாக வையுங்கள். தெளிந்த நீரையும் கிணற்றுப் பக்கம் ஊற்றாமல், நகராட்சிச் சாக்கடை உள்ள இடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டுங்கள். பழைய டெவலப்பரையும் அப்படியே, உபயோகித்த ஸ்டாப் பாத்தோடு சேர்த்துவிட்டுக் கொட்டினால் அதன் காரம் தணிந்துவிடும்.

கேள்வி: டிசம்பரில் எங்கள் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. இன்ஸ்டன்ட் கீசர் மாட்டினால் போதுமா? — ஊட்டி வாசகர்

போதும், ஆனால் கீசர் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவாதீர்கள், அதன் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு வேலை செய்வதால் சூடு ஏறி இறங்கும். பக்கெட்டில் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து உபயோகியுங்கள். உங்கள் ஊரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 1960-ல் அரசாங்கம் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியைத் தொடங்கியபோது ஆலை அமைந்தது அங்கேதான். ‘இந்து’ (Indu) என்ற பெயரில் வந்த பிலிமும் பேப்பரும் எத்தனையோ ஸ்டூடியோக்களை நடத்தின. குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் பிலிமுக்கு எவ்வளவு வேண்டும் என்பது அந்த மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். வருடத்தில் பல மாதம் உங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஐஸும் வேண்டாம், கீசரும் வேண்டாம்.

கேள்வி: மெஷின் பக்கத்திலேயே கெமிக்கல் வைத்தால் துணிக்கு எதுவும் ஆகுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். — திருச்சி வாசகர்

துணிக்கு ஆகும். டெவலப்பர் தெறித்த இடம் முதலில் தெரியாது, காய்ந்து சில மணி நேரம் கழித்துப் பழுப்பாகும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. மெஷினுக்குள் துணி இருக்கும்போது மூடியைச் சாத்தி மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிடுங்கள். இருட்டறை டவலைத் தனியாகத் துவையுங்கள்.

துணியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. துவைக்கிற இடத்தில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ இருக்கும், பக்கத்திலேயே பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் இருக்கும். ஸ்டாப் பாத் கொட்டிய ட்ராப்பில் பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு வரும். வேகமாக வேலை செய்கிற ராப்பிட் பிக்ஸர்களில் அமோனியம் இருக்கிறது, அதோடு சேர்ந்தாலும் நெஞ்சை அடைக்கும் வாயுதான் வரும், இருட்டறைக்காக ஜன்னலை எல்லாம் அடைத்திருப்பீர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சிங்க்கிலும் ஜாலியிலும் இரண்டு பக்கெட் வெறும் தண்ணீர் ஊற்றி விடுங்கள். பிளீச் பாட்டிலைச் சமையலறைக்கு அந்தப் பக்கம் வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டு, காலையில் அந்த இடத்தைக் கழுவ வருகிறவரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.